இரண்டு நாற்காலிக்கு ஒருத்தி

அந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சரை யாரும் மூன்றாம் வகுப்பு டீச்சர் என்று சொல்வதில்லை. ஸ்பெஷல் மிஸ் என்றுதான் சொல்வார்கள்; சிறப்புக் கவனத்துக்கான ஒருங்கிணைப்பாளரும் அவர்தான். எழுத்துக்கூட்ட வராத பிள்ளை, பேச்சு திக்கும் பிள்ளை, ஒரு நிமிடம் ஓரிடத்தில் தரிக்காத பிள்ளை என்று எந்த வகுப்பில் யார் இருந்தாலும் அவரிடம்தான் அனுப்ப வேண்டும். அவர் பார்த்து, பேசி, என்ன செய்யலாம் என்று சொல்வார். அதோடு மூன்றாம் வகுப்புக்குப் பாடமும் நடத்துவார். கால அட்டவணையில் இரண்டு வேலைகளும் தனித்தனிக் கட்டங்களில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. கட்டத்தை விட்டு வெளியே வந்தால் சக்களத்திச் சண்டைதான்.

ஒன்றாம் வகுப்பில் ஒரு குழந்தை மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மாட்டேன் என்றால் ஸ்பெஷல் மிஸ்ஸுக்கு ஆள் வரும். போவதற்கு முன் கரும்பலகையை விளிம்பு வரை எழுதி நிரப்பி, பார்த்து எழுதச் சொல்லிவிட்டுப் போவார். திரும்பி வரும்போது வகுப்பில் ஈ பறந்தால் கேட்கும். அப்படி எழுதி எழுதி அந்தப் பிள்ளைகளுக்குக் கையெழுத்து முத்து முத்தாக வந்திருந்தது. தலைமையாசிரியை அந்த வகுப்பைக் காட்டியே மற்றவர்களைக் கடிந்துகொள்வார். இவ்வளவு அலைச்சலிலும் ஸ்பெஷல் மிஸ்ஸின் வகுப்பிலிருந்து சிறப்புக் கவனத்துக்கு ஒரு பிள்ளைகூட வந்ததில்லை என்பது பள்ளியின் பெருமைகளில் ஒன்று. அனுப்ப வேண்டியவரும் வாங்கிக்கொள்ள வேண்டியவரும் ஒரே ஆள் என்பது யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கும்தான்.

பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். விளையாட்டுச் சாமான் அறையின் ஓரத்தில் ஒரு மேசை. ஒரு பக்கம் பெற்றோர். எதிரே இரண்டு நாற்காலி: ஒன்றில் வகுப்பு டீச்சர், மற்றொன்றில் இவர். வகுப்பு டீச்சர்தான் முதலில் பேச வேண்டும். பிள்ளையிடம் எப்போது, எதைக் கவனித்தேன் என்பதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். அதன் பிறகு இவர் மிக மென்மையாக, "இத்தனை நாள் எப்படி டீச்சர் கண்ணுல படல?" என்று கேட்பார். அந்த மென்மையில் நான்காம் வகுப்பு டீச்சருக்கு ஒருமுறை வியர்த்து, கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கி மேசையில் விழுந்திருக்கிறது.

ஐந்தாம் வகுப்பு ஆசிரியருக்குப் பெயர் மைக் சார். மைக் தேவைப்படாததால் வந்த பெயர். அவர் வகுப்புச் சத்தம் தெருமுனை வரை போகும். வாரம் ஒரு பிள்ளையை ஸ்பெஷல் மிஸ்ஸிடம் அனுப்பிவிடுவார். சமாளிக்கத் தெரியாதவர் தள்ளிவிடுகிறார் என்பது மிஸ்ஸின் கணிப்பு. ஒரு நாள் அவர் அனுப்பிய பையன் ஒருவனோடு இவர் சாமான் அறையில் இருந்தபோது, மூன்றாம் வகுப்பைப் பார்த்துக்கொள்ள மைக் சாரே போனார். போனவர் முதல் காரியமாகப் பலகையை அழித்தார். பையில் வைத்திருந்த புதுக் கதைப்புத்தகத்தை எடுத்து, ஆளுக்கொரு பக்கம் வாசிக்கச் சொன்னார்.

மதியம் ஆசிரியர் அறையில் மைக் சார் மிஸ்ஸின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் குரல் தணிந்திருந்ததே அபசகுனம்.

"ஒரு பிள்ளையப் பாக்கணும் டீச்சர்."

"உங்ககிட்ட இன்னும் பாக்காத பிள்ளை யாராவது மிச்சம் இருக்கா சார்?"

"என் வகுப்பு இல்ல. உங்க வகுப்பு. ஜன்னலோரம் ரெட்டைப் பின்னல்."

ஸ்பெஷல் மிஸ் சிரித்துவிட்டார். ரெட்டைப் பின்னலின் நோட்டைத்தான் தலைமையாசிரியை போன மாதம் எல்லா வகுப்புக்கும் எடுத்துப்போய்க் காட்டியிருந்தார். மைக் சார் சிரிக்கவில்லை. தன் முறை வந்ததும் அந்தப் பெண் எழுந்து தங்குதடையில்லாமல் வாசித்ததாகவும், பிள்ளைகள் கைதட்டியதாகவும் சொன்னார். பிறகு அவர் புத்தகத்தை எட்டிப் பார்த்திருக்கிறார். அந்தப் பக்கத்தில் இருந்த கதை வேறு.

"படத்தைப் பாத்துச் சொல்லியிருக்கா. புத்தகத்துல இருக்கறத விட நல்ல கதை டீச்சர். அதுதான் பிரச்சினை."

உங்கள் சத்தத்தில் குழந்தை மிரண்டிருக்கும் என்று சொல்லிவிட்டு மிஸ் எழுந்து போனார். ஆனாலும் மறுநாள் அந்தப் பெண்ணைச் சாமான் அறைக்குக் கூட்டிப்போனார். படமில்லாத ஒரு வரியை நீட்டினார். அவள் அந்த வரியை வெகுநேரம் பார்த்தாள். எழுதிக் காட்டட்டுமா என்று கேட்டாள். எழுதினாள்; முத்துதான். எழுதியது என்ன என்று கேட்டதற்கு நகத்தைக் கடித்தாள். தெரியாதென்று ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றார் மிஸ்.

"உங்களுக்குத்தான் எப்பவும் அவசரமா போகணுமே மிஸ்."

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. பெரியவர்களின் தொல்லை புரிந்த ஒருத்தியின் பரிவுதான் இருந்தது. ஸ்பெஷல் மிஸ் கூடைப்பந்து ஒன்றை எடுத்து, அதில் எங்கே காற்று குறைந்திருக்கிறது என்று சற்று நேரம் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் கணவரிடம் சொன்னார். அவர் மருந்துக்கடைக்காரர், ஆறுதலையும் சீட்டு இல்லாமல் கொடுக்க மாட்டார். "பல்லி ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம், தான் போய்க் கழனிப்பானையில விழுமாம்" என்றார். சொன்ன பிறகுதான் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அன்றைக்குப் பாத்திரம் முழுவதையும் அவரே கழுவினார்.

தலைமையாசிரியைக்கு இதில் சங்கடமே தெரியவில்லை. அந்தப் பெண்ணின் அம்மாவை வரச் சொல்லும்போது, ஒருங்கிணைப்பாளர் நடத்திய பரிசோதனையில் கண்டுபிடித்தோம் என்று சொல்லிவிட வேண்டியதுதானே என்றார். அது பொய்யும் இல்லை. உங்களுக்கும் நல்ல பெயர், பள்ளிக்கும் நல்ல பெயர் என்றார். வகுப்பு டீச்சராகக் கோட்டைவிட்டதை ஒருங்கிணைப்பாளராகப் பிடித்துக் காட்டி, பாராட்டும் வாங்கிக்கொள்ளும் வசதி உலகத்தில் வேறு எந்த உத்தியோகத்தில் உண்டு? அந்த வசதியை ஸ்பெஷல் மிஸ் ஒரு வாரம் மனதில் வைத்துப் புரட்டினார். வேண்டாம் என்று உடனே உதறவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அம்மா ரொட்டிக்கடையில் விற்பனை வேலை பார்ப்பவர். வேலைச் சீருடையோடே வந்தார். மிஸ் வழக்கம்போல் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. குழந்தைக்கு மூளை நன்றாக இருக்கிறது, எழுத்துகள் மட்டும் அவளுக்குப் பிடிகொடுக்கவில்லை, அதற்கென்று தனியாகச் சொல்லிக்கொடுக்கும் முறை உண்டு என்று விளக்கினார். அம்மாவுக்குக் கண் கலங்கியது. வீட்டில் பாடம் வாசிக்கச் சொல்லும்போதெல்லாம் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வாளாம். சோம்பல் என்று நினைத்து ஒருமுறை அடித்தும்விட்டாராம். பிறகு மேசைக்கு மேலே கையை நீட்டி மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெத்தவ எனக்கே தெரியல. நல்லவேளை, நீங்க கண்டுபிடிச்சீங்க டீச்சர்."

மிஸ் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"நான் கண்டுபிடிக்கலம்மா. அஞ்சாம் வகுப்பு சார் கண்டுபிடிச்சாரு. அவர் சொன்னப்பவும் நான் நம்பல. தினமும் என் முன்னாடிதான் உக்காந்திருந்தா. நான் போர்டுல எழுதிப் போட்டுட்டுப் போயிட்டிருந்தேன்."

அம்மாவின் கை மெல்ல விலகியது. கோபப்படுவார் என்று மிஸ் எதிர்பார்த்தார். கோபம் வந்திருந்தால் அதற்குப் பதில் சொல்லி, தலைகுனிந்து, எப்படியாவது கரையேறியிருக்கலாம். அம்மா கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அப்ப நான் சும்மா அடிச்சிருக்கேன்."

பிறகு அம்மா, கடையில் கணக்குச் சரிபார்க்கும் குரலில், இனிமேல் யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்று கேட்டார். தினமும் ஒரு பீரியட் தனியாக உட்கார வேண்டும், அந்தப் பயிற்சி நான் முடித்திருக்கிறேன் என்றார் மிஸ்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். அந்த சார் சொல்லிக்கொடுக்க முடியுமா?"

இந்த இடத்தில் மிஸ்ஸுக்குள் இருந்த வகுப்பு டீச்சர் கொஞ்சம் அடிபட்டுப் போனார். ஒருங்கிணைப்பாளர் யோசித்தார். முறையைத் தாம் எழுதிக்கொடுத்தால் மைக் சாரால் முடியும். அவர் குரலைப் பற்றித்தான் பிள்ளையிடம் கேட்க வேண்டும். கேட்டபோது ரெட்டைப் பின்னல், அந்த சார் கதை கேட்பாரா என்று மட்டும் திருப்பிக் கேட்டாள்.

மறுவாரத்திலிருந்து மதியம் முதல் பீரியட் மைக் சார் சாமான் அறைக்குப் போனார். அந்த நேரம் ஐந்தாம் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மிஸ்ஸுக்கு வந்தது. இரண்டு அறைகளுக்கும் நடுவில், தாழ்வாரத்தில், ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராக வெளியே கூப்பிட்டு, மடியில் வைத்திருந்த புத்தகத்தை வாசிக்கச் சொன்னார். யார் வாசித்தாலும் படத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டார்.