டோக்கன் நம்பர் நாற்பத்தேழு

அடிப்படை உரிமை வழக்கு நடத்தும் வக்கீலுக்குச் சிவகாசியில் தனி மரியாதை உண்டு: டீக்கடையில் எழுந்து இடம் கொடுப்பார்கள், வழக்கு மட்டும் கொடுக்க மாட்டார்கள். அரசு ஆபீஸ் படியேறிச் செருப்புத் தேய்ந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இல்லாத ஆள்

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து தீப்பிடித்து மாரியம்மாளின் வலது கை வெந்துபோனது. பதினொரு வருடம் அங்கே வேலை பார்த்தவர். மறுநாளே, அப்படி ஒரு ஆள் எங்களிடம் இல்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. பதிவேட்டில் அவர் பெயரை ஏற்றவே இல்லையாம். தொழிலாளி என்று நிரூபித்தால்தான் மேற்கொண்டு சிகிச்சைக்கும் நிவாரணத்துக்கும் வழி.

கணவர் கருப்பசாமி என்னைத் தேடி வந்தார். கண்ணியத்தோடு வாழும் உரிமை பற்றி அவருக்கு அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் இருக்கட்டும் சார். எம் பொஞ்சாதி அங்கன வேலை பாத்தான்னு மட்டும் எழுதி வாங்கித் தாங்க."

விசாரணை

தொழிலாளர் துறைக்கு மூன்று மனு போட்டோம். அதிகாரி தீர விசாரித்தார். அதாவது, கம்பெனிக்கே கடிதம் எழுதிக் கேட்டார். "அவுகளே இல்லங்காக. இல்லாத ஆளுக்கு நாங்க எப்படி சார் விசாரணை வைக்கிறது?"

ஹைகோர்ட் மதுரைக் கிளையில் ரிட் மனு போட முடிவு செய்தேன். சாட்சிக்கு, கூட வேலை பார்த்த பெண்களைக் கேட்டேன். ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: "சாட்சி சொன்னா நாங்களும் இல்லாத ஆளாயிருவோம் சார்."

கேட்டில் கிடந்த போன்

மனுவில் போட மாரியம்மாளின் போன் நம்பர் கேட்டேன். போன் ஆலை கேட்டிலேயே கிடக்கிறது என்றார் கருப்பசாமி. பட்டாசு ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் வாட்ச்மேனிடம் கொடுத்தால், கம்பெனி பெயர் அடித்த தகர டோக்கன் தருவார். மாரியம்மாளின் டோக்கன், நம்பர் நாற்பத்தேழு, அவருடைய சுருக்குப்பையில் அப்படியே இருந்தது.

இருவரும் கேட்டுக்குப் போனோம். பெட்டியில் போன் இருந்தது. பக்கத்தில் வாட்ச்மேனின் நோட்டு. நாள் தவறாமல் '47 மாரியம்மா'. முதலாளி மறைத்ததை எல்லாம் பாவம், இந்த மனிதர் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். பெட்டியையும் நோட்டையும் போட்டோ எடுத்துக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை, பெருமையாகச் சொன்னார்: "எழுதலைன்னா போன் மாறிப்போகும்ல சார்." டோக்கனைத் திருப்பிக் கொடுத்தால்தான் போன் தருவார்; டோக்கன் சாட்சிக்கு வேண்டும் என்பதால் போனை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

உத்தரவு

டோக்கனையும் போட்டோவையும் கோர்ட்டில் தாக்கல் செய்தேன். டோக்கன் தெருவில் கிடந்து எடுத்ததாக இருக்கலாம் என்றார் கம்பெனி வக்கீல். "சரி, அவங்க போன் உங்க பெட்டிக்குள்ள எப்படி வந்தது?" என்றார் நீதிபதி. வக்கீல் கேட்டுச் சொல்ல அவகாசம் கேட்டார். கிடைக்கவில்லை. தொழிலாளியாக ஏற்றுச் சிகிச்சைக்கும் நிவாரணத்துக்கும் ஏற்பாடு செய்யச் சொல்லி உத்தரவு வந்தது.

நகலை மாரியம்மாள் இடது கையால் வாங்கினார். எனக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். பதினொரு வருடம் உழைத்த மனுஷிக்கு ஒரு தகரத் துண்டுதான் சாட்சி.

அதே கையோடு போனை வாங்கப் போனோம். வாட்ச்மேன் உத்தரவை முழுக்கப் படித்துவிட்டுக் கேட்டார்: "எல்லாஞ் சரி சார், டோக்கன் எங்க?"

டோக்கன் கோர்ட் ஃபைலுக்குள் இருக்கிறது. ஆக, மாரியம்மாள் இருக்கிறார் என்று ஹைகோர்ட் ஒப்புக்கொண்டுவிட்டது, வாட்ச்மேன்தான் பாக்கி.