சாமை விழாத ஆறடி

ஆனி 12, வியாழக்கிழமை. காலை 5.50-க்குச் சேலத்தில் ஏற்காடு பஸ் ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் முடிந்து இறங்கும்போது மணி 7.05. அங்கிருந்து மாரமங்கலம் பஸ் 7.20-க்குப் புறப்பட்டது.

"எந்த எஸ்டேட்டுக்குங்க?" என்றார் கண்டக்டர்.

"எஸ்டேட்டுக்கு இல்லீங்க. சாமை விதைக்கறதைப் பார்க்கப் போறேன்."

"அதப் பாக்கறதுக்கு மலையேறி வந்தீங்களாக்கும்?" டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வானத்தைக் காட்டினார். "சுருக்காப் பாத்துட்டுக் கெளம்பீருங்க. கெழக்க கட்டீட்டு வருது."

நான் போனது ஓர் ஆங்கிலச் சொல்லுக்காக. 'பிராட்காஸ்ட்' என்பதை வானொலி, தொலைக்காட்சியோடும், கைபேசியில் ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்புவதோடும் சேர்த்துத்தான் நாம் அறிவோம். ஆனால் வானொலி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இங்கிலாந்து உழவர்கள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். விதையை வரிசையாக இடாமல், கையில் அள்ளி, நிலமெங்கும் படும்படி அகல வீசுவதற்கு அவர்கள் வைத்த பெயர் அது. குரலைக் காற்றில் வீச வந்தவர்கள் சொல்லை வயலிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். இதைப் படித்த நாள் முதல் அந்தக் கைவீச்சை நேரில் பார்த்துக் குறித்துவைக்க ஆசை. போன வருடம் ஏற்காட்டில் சாமை அரிசி வாங்கியபோது பழக்கமான ராமசாமி, விதைப்பு நாளன்று வரச் சொல்லியிருந்தார்.

8.40. ராமசாமி பஸ் நிற்குமிடத்துக்கே வந்திருந்தார். வலது கையைத் துண்டால் கழுத்தோடு கட்டியிருந்தார். மிளகு பறிக்க ஏறிய சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்து தோள்பட்டை விலகிவிட்டதாம்.

"அப்ப விதைக்கறது யாருங்க?"

"ஊட்டுல தான். மொத வருசம் வீசறா." நிலத்தை நோக்கி நடந்தபடியே சொன்னார். "நெலம் எனக்கும் தம்பிக்கும் பொதுவுங்க. அவன் காப்பி வெக்கலாங்கறான். இவ மாட்டேங்கறா, ஊட்டுச் சோத்துக்கு வேணுங்கறா. இந்த வெள்ளாமை நடுவுல வெறும் மண்ணாச் சந்து வுழாம வந்துட்டா அவன் வாயத் தொறக்க மாட்டான். சந்து வுழுந்துச்சுன்னா அடுத்த வருசம் காப்பி தான்."

9.25. அரை ஏக்கர் இருக்கும் சரிவு நிலம். கீழெல்லையில் வேறொருவரின் காப்பித் தோட்டம். தம்பி காளியப்பன் மேட்டில் ஏர் பூட்டித் தயாராக நின்றார். ராமசாமியின் மனைவி வெள்ளையம்மா, சாமையைக் காய்ந்த மணலோடு கலந்துகொண்டிருந்தார். கடுகிலும் சின்ன விதை. மணல் சேர்க்காவிட்டால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். இருந்தது இரண்டு வள்ளம் விதை, அதற்குமேல் ஊரில் கடன் கேட்கவும் யாரிடமும் இல்லை. வீசியதை உடனே உழுது மண்ணுக்குள் தள்ள வேண்டும். அதற்குமுன் பெருமழை பிடித்தால் அத்தனையும் சரிவில் ஓடி அடுத்தவர் காப்பிக்குள் சேர்ந்துவிடும்.

"அண்ணி, மழ உங்களுக்காகக் காத்துட்டு நிக்காதுங்க," என்றார் காளியப்பன்.

"நீ மாட்டப் புடி தம்பி. மழைய நாம் பாத்துக்கறேன்."

9.50-க்குத் தொடங்கினார். மடியில் விதை, வலது கால் முன்னே படும்போதெல்லாம் ஒரு வீச்சு. மணல் விசிறி போல் விரிந்து மண்ணில் விழுந்ததும் காணாமல் போனது. எங்கே விழுந்தது, எங்கே விழவில்லை என்று கண்ணால் சொல்ல முடியாது. வீசுகிறவரின் காலுக்குத்தான் தெரியும். அதனால் விதைக்கும்போது யாரும் அவரோடு பேசுவதில்லை. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. மூவரும் வாய் மூடியிருந்ததைப் பார்த்து நானே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

நான் குறிப்பேட்டில் நேரம் எழுதிக்கொண்டு கூடவே நடந்தேன். நிலத்தின் நடுவில் இருந்தபோது கேட்டேன்: "ஒரு வீச்சு எத்தனை அடி அகலம் விழுங்க?"

வெள்ளையம்மா நின்றார். வந்திருப்பவர் கேட்டால் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லாமல் இருக்க அவருக்கு வராது. என் பக்கம் திரும்பி, இரண்டு எட்டு நடந்து வந்து, "ஆறடி இருக்குமுங்க," என்றார். சொல்லி முடித்ததும் முகம் மாறியது. கால் தடத்தைத் தேடினார். கிளறிய புழுதியில் எல்லாம் ஒன்றுபோல் கிடந்தது.

"எங்க வுட்டேன்?"

ராமசாமி ஓடிவந்தார். கிழக்கு முகட்டை மேகம் மூடிவிட்டது. மீண்டும் முதலிலிருந்து வீசினால் கீழ்ப்பகுதிக்கு விதை போதாது. தள்ளித் தொடங்கினால் சந்து விழும்.

"உழுகட்டுங்களா, வேண்டாமுங்களா?" காளியப்பன் மேட்டிலிருந்து கத்தினார்.

நான் குறிப்பேட்டைப் புரட்டினேன். '10.42. வெள்ளைக் கல்லுக்கு நேரே நின்றார்' என்று எழுதியிருந்தது. நிலத்தின் நடுவில் துருத்திக்கொண்டிருந்த அந்தக் கல்லைக் காட்டிப் படித்தேன்.

"எழுதி வெச்சது தப்பாவுமுங்களா," என்ற வெள்ளையம்மா, வெள்ளைக் கல்லிலிருந்து வீசத் தொடங்கினார்.

11.35-க்குக் கடைசிக் கை. காளியப்பன் கடைசி ஏர்ச்சால் ஓட்டி முடித்தபோது முதல் துளிகள் விழுந்தன. மூவரும் என்னைப் பஸ் ஏற்றிவிட்டபோது நால்வருமே நனைந்திருந்தோம். சேலம் வரை அந்த 10.42-ஐ மனத்துக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவர் நின்ற கணத்திலா எழுதினேன், என் பக்கம் நடந்து வந்த பிறகா?

விதைத்து இருபத்தொரு நாள் கழித்து, மற்றொரு வியாழக்கிழமை, மறுபடி போனேன். பஸ் வளைவில் திரும்பும்போதே சரிவு தெரிந்தது. சாணளவுப் பச்சை, விரித்த பாய் போல. நடுவில், வெள்ளைக் கல்லை ஒட்டி, ஆறடி நீளத்துக்குச் செம்மண் பளிச்சென்று கிடந்தது. எதிர்மலையிலிருந்து பார்த்தாலும் தப்பாது. வானொலியில் தவறாகப் படித்தவர் வருத்தம் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். இது அறுவடை வரை ஊர் பார்க்க அப்படியே நிற்கும்.

காளியப்பன் அந்தச் சந்துக்கருகே இடுப்பில் கைவைத்து நின்றார். வெள்ளையம்மா குனிந்து அந்த வெற்றுமண்ணில் மொச்சை ஊன்றிக்கொண்டிருந்தார்.

"இங்க என்னாச்சுங்க அண்ணி?"

"என் கை தவறீருச்சு."

நிமிராமலே சொன்னார். என் பக்கம் பார்க்கவுமில்லை. நான் குறிப்பேட்டைத் திறந்து காளியப்பனிடம் நீட்டினேன். "கை தவறலைங்க. நடுவுல பேச்சுக் கொடுத்தது நான். இடத்தைத் தப்பா எழுதினதும் நான். கல்லுக்கு ஆறடி இந்தப் பக்கமே அவங்க வீச்சை நிறுத்தியிருக்காங்க."

அவர் 10.42-ஐ எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு சந்தின் இரு ஓரத்தையும், கீழே எல்லை வரை ஒரே சீராக நின்ற பயிரையும் நெடுநேரம் பார்த்தார். குறிப்பேட்டை மூடி என் கையில் கொடுத்தார்.

"அண்ணி, அடுத்த வருசம் வெதைக்கற அன்னிக்கு மட்டும் இவருக்குச் சொல்லி வுட்றாதீங்க," என்றார்.