சீட்டின் பின்பக்கம்

காரைக்குடிப் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில் நாலு கணினி வைத்து பிரவுசிங் சென்டர் நடத்திய யூஜினியா மகா அழுத்தக்காரி. 1999இல் யார் யாருக்கு மெயில் போடுகிறார்கள் என்று ஊரே மூக்கை நுழைத்தபோதும் அவள் வாயிலிருந்து ஒரு பெயர் வந்ததில்லை. ஒருவர் எழுந்ததும் அவர் பார்த்த தடத்தையெல்லாம் அழித்துவிட்டுத்தான் அடுத்தவரை உட்கார வைப்பாள்.

பாண்டீஸ்வரி ஒரு சாய ஆலையில் டைப்பிஸ்ட். ஆலைக் கழிவைக் கண்மாயில் திறந்துவிடுவதைப் பத்திரிகைக்கு எழுத நினைத்தாள். பெயர் தெரிந்தால் வேலை போய்விடும். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது.

அனுப்புபவர் பெயரை மறைத்து மெயிலைக் கொண்டுசேர்க்கும் சேவை ஒன்றை யூஜினியா சொன்னாள். “இதுல மெயில் நேரா போகாதுடி. மூணு கம்ப்யூட்டர் கைமாறிப் போகும். ஒவ்வொண்ணுக்கும் முந்துனதும் அடுத்ததும்தான் தெரியும். கடைசியில வாங்குறவுகளுக்கு அனுப்புனது யாருன்னே தெரியாது. நீயா பேரைப் போட்டுத் தொலைச்சிடாத.”

டைப்பிஸ்ட் கை சும்மா இருக்குமா? சரிபார்க்க அச்செடுத்த தாளின் அடியில் பெயரும் பதவியும் இருந்தன. யூஜினியா திட்டிக்கொண்டே திரையில் அவற்றை அழிக்க வைத்தாள். மெயில் போனது. பத்து நாளில், மெயிலில் வந்த தகவல் என்று பத்திரிகையில் செய்தி வந்தது.

மறுநாளே ஆலை மேனேஜர் அழகுராஜா படியேறி வந்தார்.

“எங்க ஆபீஸ் ஆளுக யாராச்சும் இங்குட்டு வந்தாகளா?”

“நான் யாருகிட்டயும் பேர் கேக்குறதில்ல சார்.”

அவர் விடவில்லை. நாலு கணினியையும் நோண்டினார். ஒன்றும் கிடைக்கவில்லை. யூஜினியாவுக்கு உள்ளூரச் சிரிப்பு.

“சரி, உங்க நம்பரைக் குடுங்க. பிறகு பேசுறேன்.”

மேசையில் கிடந்த சீட்டில் எழுதிக் கொடுத்தாள். அவர் மடித்துப் பையில் வைக்கும்போதுதான் பின்பக்கம் அவள் கண்ணில் பட்டது. பாண்டீஸ்வரி, டைப்பிஸ்ட்.

வீணான அச்சுத் தாள்களை நாலாகக் கிழித்துச் சீட்டாக்குவது யூஜினியாவின் சிக்கனம். அவர் இரண்டு படி இறங்கியிருந்தார்.

“சார்! அது பழைய நம்பரு. இந்த வாரம்தான் மாத்துனாக. அதைக் குடுங்க.”

அவர் சீட்டைப் பிரித்தார். எண்ணை மட்டும் பார்த்தார். கொடுத்தார். நாள்காட்டித் தாளைக் கிழித்து வாயில் வந்த எண்ணை எழுதிக் கொடுத்தாள்.

அவர் தலை மறைந்ததும் மிச்சச் சீட்டுகளைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றில் யாருடைய ரத்தப் பரிசோதனையோ, இன்னொன்றில் ஒரு பெண் தன் வக்கீலுக்கு எழுதியது. பாண்டீஸ்வரி தப்பித்தாள். ஆனால் யூஜினியா ஆறு மாதமாக இப்படித்தான் நம்பர் கேட்டவருக்கெல்லாம் கிழித்துக் கொடுத்திருக்கிறாள். யார் சங்கதி யார் சட்டைப்பையில் இருக்கிறதோ, அவளுக்கே தெரியாது.