தயாளன் வைத்த எண்ணெய்க் குப்பி

பொம்மை நீராவி எஞ்சினுக்கு லூப்ரிகேட்டர் வைப்பது என்றால் கட்டைவிரல் அளவுப் பித்தளை எண்ணெய்க் குப்பிக்கு இடம் பார்ப்பது. பெண்ணுக்கு வரன் பார்ப்பது இதைவிடச் சுலபம். குப்பிக்குள் போகும் நீராவி குளிர்ந்து தண்ணீராகி அடியில் தங்க வேண்டும். அப்போதுதான் மேலே மிதக்கும் எண்ணெய் வழிந்து சிலிண்டருக்குப் போகும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் லஸ் பக்கம் ஒரு பட்டறையில் எனக்கு இந்த வேலை. பக்கத்து மேஜையில் தயாளன். என்னைவிட ஒரே ஒரு வருஷம் சீனியர். வருகிறவர்கள் எல்லாரும் அவனைத்தான் பேர் சொல்லிக் கேட்பார்கள். ஒருத்தராவது "கோபால் இருக்கானா?" என்று கேட்க மாட்டாரா என்று ஏங்கிக் கிடந்தேன். பக்கத்து மேஜைக்காரனைப் பார்த்து வயிறெரிந்த அன்பர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

அழகாக வைத்தேன்

மயிலாப்பூர் வக்கீல் மாமா ஒருவர் எஞ்சின் பைத்தியம். அவர் எஞ்சினில் பாய்லரை ஒட்டியே குப்பியை வைத்தேன். பார்க்க அத்தனை லட்சணம். ஆனால் அந்தச் சூட்டில் நீராவி எங்கே குளிரும்? ஒரு சொட்டு எண்ணெய் போகவில்லை. மறுநாளே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"என்னப்பா இது, கிணத்து ராட்டினமாட்டம் கத்திண்டிருக்கு! தயாளன் இல்லையா?"

அளவெடுத்தேன்

தயாளன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, அவன் முடித்து வைத்திருந்த எஞ்சினில் ஸ்கேல் வைத்து அளந்தேன். பாய்லரிலிருந்து சரியாக இரண்டு அங்குலம். அடையாறு புரொபசர் ஒருவருடைய எஞ்சினிலும் அதே இரண்டு அங்குலத்தில் வைத்தேன். அதுவும் கத்தியது. தயாளன் குனிந்து பார்த்தான். பாய்லரைச் சூடாக்கும் ஸ்பிரிட் விளக்கின் தீ நேராகக் குப்பியின் அடியில் பட்டுக்கொண்டிருந்தது. நான் அளந்ததை எப்போது பார்த்தானோ, பாவி!

"அளவு எடுத்தியே நைனா, வெளக்கு எந்தப் பக்கம் கீதுன்னு பாத்தியா?"

சேலையில் கறை

தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றில், கண்ணாடி ஜன்னலுக்குள் தயாளனின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் புகைபோக்கி பட்டுச்சேலை மேல் எண்ணெய் தெளித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குத் தீபாவளி. வேடிக்கை பார்க்கவே பஸ் ஏறிப் போனேன். திருநெல்வேலிக்காரரான முதலாளி சிரித்துக்கொண்டே வரவேற்றார்.

"சேல போனாப் போவுது தம்பி, குடிச்சது போவ மிச்சம் ஆவியோட வெளிய வருது, எஞ்சின் நல்லா எண்ணெ குடிக்குன்னுல்லா அர்த்தம்! தயாளன் அன்னைக்கே சொன்னாம்லா!"

கடைசியாக ஒன்று

வக்கீல் மாமா இரண்டாவது எஞ்சின் வாங்கினார். தயாளன் லீவு, வேலை என்னிடம் வந்தது. இந்தத் தடவை ஸ்கேலைத் தொடவில்லை. விளக்கை ஏற்றி, சூடு எட்டாத இடத்தை உள்ளங்கையால் தடவித் தடவிக் கண்டுபிடித்து அங்கே வைத்தேன். சனிக்கிழமை மாமா வந்து ஓட்டினார். முனகல்கூட இல்லை. "தயாளன் கையே கை!" என்றார். லீவு முடிந்து வந்திருந்த தயாளன் தன் மேஜையிலிருந்தே சொன்னான்: "சாமி, நான் வெக்கல. கோபால் வெச்சது. நானே வெச்சிருந்தாலும் இவ்ளோ கரீக்டா வராது." மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். என்னோடு இரண்டு வருஷப் பழக்கம்.

"அப்படியா! தயாளன் வெச்சாப்லயே இருக்கே! ஆமா, கோபால்ங்கறது யாரு, நீதானா?"

தயாளன் கொஞ்சமாவது கெட்டவனாக இருந்திருந்தால், அவனை நிம்மதியாக வெறுத்துக்கொண்டு நானும் சந்தோஷமாக இருந்திருப்பேன்.