அய்யாவு வரைந்த நீலக் கடல்

என் தங்கச்சி பாஞ்சாலியின் புருஷன் அய்யாவுக்கு மஞ்சளும் சிவப்பும் பிடித்த நிறங்கள் என்றுதான் பெங்களூர் அல்சூரில் பலரும் நினைத்திருந்தார்கள். பிடித்தமாவது மண்ணாங்கட்டியாவது. பயம், அவ்வளவுதான்.

1991 டிசம்பரில் காவிரித் தகராறில் ஊர் பற்றி எரிந்தபோது, அவன் போர்டு எழுதும் கடையும் எரிந்தது. முகப்பில் நீலப் பலகை, அதில் வெள்ளையில் தமிழ் எழுத்து. எதிர்க்கடைக்காரரும் தமிழர்தான். ஆனால் அவர் வாசலில் மஞ்சள் சிவப்புக் கன்னடக் கொடி கட்டியிருந்தார். கூட்டம் அவரைத் தாண்டிப் போய்விட்டது. எரித்தவர்கள் பார்த்தது எழுத்தை. இவன் மனதில் பதிந்ததோ நிறம். அன்றிலிருந்து நீலத்தைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டான்.

அதற்கப்புறம் அவனுக்குச் சோறு போட்டது வீடியோ கேம். வெளிநாட்டிலிருந்து மொட்டையாக வரும் கேசட்டுகளுக்கு உள்ளூர் வியாபாரிகள் அட்டைப் பெட்டி அடித்து விற்பார்கள். பெட்டி மேல் படம் அய்யாவு வரைவது. கார் பந்தயமா, மேலே மஞ்சள், கீழே சிவப்பு. குங்ஃபூ சண்டையா, அதற்கும் அதே. பனிமலைக்குக்கூட மஞ்சள் வானம் வைத்தான். "ஏன் மாப்ளே, இது கேமா, மஞ்சள் குங்குமப் பாக்கெட்டா?" என்று கேட்பேன். சிரிக்க மாட்டான்.

2000இல் ஹரிஷ் வந்தான். மதுரைப் பையன், ஹெப்பகோடியில் ஒரு சின்னக் கம்பெனியில் விற்பனையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்களே சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்திருந்தார்கள். கடலுக்கடியில் ஒருத்தன் முத்தெடுக்கப் போகிறான், அதுதான் ஆட்டம்.

"அண்ணே, கடையில எல்லாப் பெட்டியும் செவப்பும் கறுப்புமா கத்திக்கிட்டு நிக்குது. நம்ம பெட்டி மட்டும் ஒரே நீலமா இருக்கணும். தூரத்துல போறவனும் நின்னு பாக்கணும். இது நல்லா வந்துட்டா ஆபீஸ்லயே உங்களுக்கு வேலை."

மாதச் சம்பளம் வரும் வேலை. நாற்பதைத் தாண்டியவனுக்கு இன்னொருத்தர் இப்படிக் கூப்பிட்டுக் கொடுக்கப் போவதில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பாஞ்சாலி கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டாள்.

அவன் நீலத்தைத் தொட்டான். கடல் மேலே வெளிறி, கீழே போகப் போக இருண்டு, அதற்குள் முத்துக்காரன் தலைகீழாக இறங்கிக்கொண்டிருந்தான். பார்த்த எனக்கே மூச்சு முட்டியது. இத்தனை வருஷம் இதை எங்கேயடா வைத்திருந்தாய் என்று கோபம்கூட வந்தது.

படத்தைக் கொடுக்க வேண்டிய வாரத்தில்தான், பெரிய கன்னட நடிகர் ஒருவரைத் தமிழ்க் கொள்ளைக்காரன் கடத்திப்போன செய்தி வந்தது. காட்டில் எவனோ செய்த காரியத்துக்கு இங்கே நாங்கள் பயந்து சாக வேண்டியிருந்தது. பஸ் நின்றது, கடைகள் ஷட்டரை இறக்கின. அய்யாவு கதவைச் சாத்திக்கொண்டு பிரஷ்ஷை எடுத்தான். முத்துக்காரனுக்கு மேலே, கடலின் குறுக்கே, ஒரு மஞ்சள் பட்டை, அதை ஒட்டி ஒரு சிவப்புப் பட்டை.

"கடலுக்குள்ள எவன்யா கொடி கட்டுவான்?" என்று பாஞ்சாலி அவன் கையைப் பிடித்தாள்.

"நீ சும்னே இரு. இது கடைக் கண்ணாடியில நிக்கப் போறது. கல்லு வந்தா மொதல்ல இது மேலதான் வரும். கீழ என் பேரு இருக்கு."

ஹரிஷ் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தான். திட்டவில்லை. "இதை மறைச்சுக் குடுத்துருங்கண்ணே. நாளைக்கு அச்சுக்குப் போகுது" என்றான்.

தண்ணீரில் கரையும் போஸ்டர் கலர் ஆயிற்றே. மேலே நீலத்தைப் பூசப் பூச, அடியிலிருந்த மஞ்சளும் சிவப்பும் கரைந்து மேலே வந்தன. கடைசியில் கடலின் நடுவே தண்ணீர்த் தொட்டிப் பாசிபோல ஒரு அழுக்குப் பச்சைக் கோடு நின்றது. புதிதாக வரைய நாள் கேட்டான். கம்பெனி முதலாளி காத்திருக்கவில்லை. மும்பையில் ஒருத்தன் கம்ப்யூட்டரிலேயே நீலக் கடல் போட்டு அனுப்பினான். வேலையும் அவனுக்கே போயிற்று. அய்யாவு பொம்மசந்திராவில் ஒரு ஷெட்டில் சேர்ந்து இரும்பு பீரோக்களுக்குச் சாம்பல் நிறம் அடித்தான்.

அடுத்த வருஷம் நவம்பரில் அவனும் நானும் பிரிகேட் ரோடு பக்கம் போனோம். கர்நாடக மாநிலம் பிறந்த நாளுக்கான ராஜ்யோத்ஸவ ஊர்வலம், தெருவெல்லாம் மஞ்சள் சிவப்புக் கொடி. ஒரு கடைக் கண்ணாடிக்குள் அந்த முத்தெடுக்கும் ஆட்டத்தின் பெட்டி, முழு நீலமாக நின்றது. ஊர்வலம் அதை உரசிக்கொண்டு போயிற்று. ஒருத்தரும் கல்லைத் தேடவில்லை. ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போகலாம் என்று கையை இழுத்தேன். அவன் அசையவில்லை.

"ஒண்ணும் ஆகலையே மச்சான்" என்றான்.