கருவாட்டுக்கடையில் ஒரு பிரஷர் மிஷின்

இறாலுக்கு ஐஸ் உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது கஸ்தூரி அக்காவின் பெரிய மகள் போன் செய்தாள். "அம்மா போயிடுச்சி சித்தி" என்றாள், அதற்குமேல் வெறும் அழுகைதான். முந்தின நாள் சாயங்காலம் வரை என் பக்கத்தில் உட்கார்ந்து கருவாடு விற்றவள். விடியும் நேரத்தில் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டதாம். சாக்கு போட்டு மூடிக் கிடந்த அவளுடைய கடையைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியவில்லை. ஐஸ் பாதி கரைந்துவிட்டது.

காசிமேட்டில் மீன் வாங்க வருகிறவர்களுக்கு அவளை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. இடது கை சரியாக மடங்காது. வாய் ஒரு பக்கம் லேசாகக் கோணியிருக்கும், ஆனாலும் அந்த வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும். பல வருஷங்களுக்கு முன் ஒரு நாள் பக்கவாதம் வந்து கூடைக்குப் பக்கத்திலேயே சரிந்து விழுந்தாள். தனக்கு ரத்த அழுத்தம் இருப்பதே அதுவரை அவளுக்குத் தெரியாது. ஒரு தலைவலிகூட வந்ததில்லை. மூலக்கொத்தளம் மயானத்துக்கு ஆள் அனுப்பி இடம் பார்க்கலாமா என்றுகூடச் சொந்தக்காரர்கள் பேசிவிட்டார்கள். அவள் எழுந்து வந்தாள். வரும்போது கையில் ஒரு பிரஷர் மிஷின் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் நடத்திய வியாபாரம் இருக்கிறதே, அது உலகத்தில் எங்கும் நடக்காது. நெத்திலிக் கருவாடு கேட்டு வருகிற பெண்ணிடம், பிரஷர் பார்த்து எத்தனை நாள் ஆச்சு என்று முதலில் கேட்பாள். மிஷினை மாட்டிப் பார்ப்பாள், ஏறியிருந்தால் கருவாட்டைக் கொடுக்கமாட்டாள். தினமும் உப்புக் கருவாட்டைக் கடித்துக்கொண்டு மாத்திரை விழுங்கினால் என்ன பிரயோஜனம் என்று திட்டி, கீரை வாங்கிக்கொண்டு போகச் சொல்லுவாள். சின்ன மகள் தலையில் அடித்துக்கொள்வாள். "நான் விக்கிற சரக்க பத்தி எனுக்குத் தெரியாதா?" என்பாள் அக்கா. திட்டு வாங்கியவர்கள்தான் மறுவாரமும் வந்து நிற்பார்கள்.

பிரஷர் பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும் என்பது அவளுடைய கண்டிப்பு. மீன் விற்கிற பெண்களைப் பேசாமல் உட்கார வைப்பதைவிடக் கடலை வற்ற வைப்பது சுலபம். எங்களிடம் ஒரு சாக்கு வேறு தயாராக இருந்தது. ஏலத்தில் தொண்டை கிழியக் கத்திவிட்டு வருகிறோம், ஏறத்தான் செய்யும், அப்புறம் தானே இறங்கிவிடும் என்று சொல்லிக் கையை உருவிக்கொண்டு போய்விடுவோம். இந்தச் சாக்கை எல்லாரையும்விட உறுதியாகப் பிடித்துக்கொண்டிருந்தவள் என் ஓரகத்தி அமுதா. ஏலத்தில் மீன் எடுத்துத் திருவொற்றியூர்த் தெருக்களில் கூவி விற்பவள். அவளுடைய அம்மாவும் இப்படித்தான் திடீரென்று விழுந்து செத்துப்போனார்கள். அதனாலேயே எனக்கு அவளை நினைத்தால் பயம்.

கஸ்தூரி அக்கா அவளிடம் சண்டை போடவில்லை. மீன்பிடித் தடைக்காலம் வரட்டும் என்று காத்திருந்தாள். விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் கட்டிக் கிடந்த அந்த நாட்களில் ஏலமும் இல்லை, கூச்சலும் இல்லை. ஆண்கள் வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். சும்மா பேச வந்த அமுதாவைப் பிடித்து உட்கார வைத்தாள். மிஷினில் வந்த எண் பழையபடியே நூற்று எழுபதைத் தாண்டி நின்றது. வெயில் என்றாள் அமுதா. மறுநாள் வெயில் ஏறுமுன் அக்கா பார்த்தாள், அதே கதைதான்.

"ஏலமும் இல்ல, வெயிலும் இல்ல. இப்போ யார் மேல பழி போடப் போறே?" என்று அக்கா கேட்டபோது அமுதாவின் முகம் செத்துவிட்டது. மாத்திரையை ஒரு தடவை ஆரம்பித்தால் சாகிறவரைக்கும் விழுங்க வேண்டுமே என்று முணுமுணுத்தாள்.

"ஆமாமே. சாவு லேட்டா வரணும்னா முழுங்கித்தான் ஆவணும்."

சொன்னதோடு விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போ என்று யாரையும் அவள் தனியாக அனுப்பியதில்லை. கடையை என் தலையில் கட்டிவிட்டு அமுதாவோடு தானே போய் வரிசையில் நின்றாள். டாக்டர் சொன்ன மாத்திரை தீரத் தீர மறுபடியும் கூடப் போனாள். சில மாதங்களில் அமுதாவின் பிரஷர் அடங்கி ஒரு நிலைக்கு வந்தது.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. காரியம் முடிந்து சந்தைக்குத் திரும்பிய பிறகு ஒரு பேச்சு கிளம்பியது. அத்தனை கவனமாக இருந்தவளே போய்விட்டாள், மாத்திரையால் என்ன ஆனது என்றார்கள். அமுதா மாத்திரையையே நிறுத்திவிட்டாள். கேட்டபோது, "அக்காவையே காப்பாத்தாதது என்னைக் காப்பாத்தப் போவுதா?" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அவ மொத தபா விழுந்தப்போ சின்னவ ஸ்கூல் பையோட நின்னு அழுதுகினு இருந்தா. அந்தச் சின்னவ கல்யாணத்தையும் பாத்து, பேரனையும் தூக்கிக் கொஞ்சிட்டுத்தான் அக்கா போயிருக்கா. அந்த வருசமெல்லாம் எங்கேருந்து வந்துச்சி? உங்க அம்மாவுக்கு அது கெடச்சுதா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று அடுத்த நொடியே பட்டது. அமுதா என் கடைப் பலகையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுதபடியே கையை நீட்டினாள்.

அக்காவின் மகள்கள் அந்த மிஷினை என்னிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். அழுதுகொண்டிருக்கும்போது பார்த்தால் எண் சரியாக வராது, அழுது முடி, அப்புறம் பார்க்கலாம் என்றேன். நானும் அழுதுகொண்டிருந்ததால் இரண்டு பேருக்கும் சற்று நேரம் ஆனது. பார்த்தபோது நிறையவே ஏறியிருந்தது. இறாலைப் பக்கத்துப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, அமுதாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். மிஷின் என்றைக்காவது பழுதாகிவிடும். ஒருத்தியையும் தனியாக அனுப்பாத அந்தக் குணத்தைத்தான் கஸ்தூரி அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்களில் யாருக்கு ஆஸ்பத்திரிக்குப் போகப் பயமாக இருந்தாலும் என் கடைக்கு வாருங்கள், நானும் கூட வருகிறேன்.