வாளியை விடாதவள்

ஹராரேயில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்ற மாய்தெய், வீட்டுக் குழாய் வறண்ட நாளிலிருந்து தெரு அடிபம்பில்தான் தண்ணீர் பிடிக்கிறாள். "இந்த ஊர்ல மரியாதை செத்துப்போச்சு" என்று வரிசையில் தினமும் பொருமுவாள்.

அன்று முன்பின் தெரியாத ஒருவன் குனிந்து, அந்த ஊர் வணக்க முறைப்படி இரு கைகளையும் மெல்லத் தட்டினான். "நல்லாருக்கீங்களாம்மா? நான் அடிச்சுத் தரட்டுமா?"

பதிலுக்கு அவளும் தட்ட வேண்டும். தட்டினால் வாளியை விட வேண்டுமே!

"தேனாப் பேசறவன்தான் வாளியோட ஓடுவான். போடா!"

முன்னால் நின்றவளிடம் போய்த் தட்டினான். அவள் வாளியை வைத்துவிட்டுப் பதிலுக்குத் தட்டினாள். தண்ணீர் அடித்து, வாசல்வரை சுமந்து கொடுத்தான்.

"ரெண்டும் கூட்டுக் களவாணிங்க" என்றாள் மாய்தெய். தன் முறை வந்ததும் ஒரு கையால் வாளியைப் பிடித்தபடி மறு கையால் பம்பை அடித்தாள். பாதித் தண்ணீர் மண்ணுக்குப் போனது.